கண்டென்ட் ஸ்ட்ராடஜிஸ்ட் வேலை: சிங்கப்பூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி, காப்புறுதி, அரசு அமைப்புகள் என்று பலவற்றின் இணையத்தளங்களுக்கும் செயலிகளுக்கும் உள்ளடக்கம் திட்டமிடுவது என் வேலை. தமிழ் மொழி மாத நிகழ்ச்சியானாலும் சரி, உறவினர் வீட்டு விசேஷமானாலும் சரி, வேலையின் பெயரைச் சொன்னதும் அடுத்து வரும் கேள்விகள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் துண்டுதுண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கண்டென்ட் ஸ்ட்ராடஜிஸ்ட்னா என்ன? எழுதுற வேலைதானே?

எழுதுவதும் உண்டு. ஆனால் எதை எழுத வேண்டும், யாருக்கு, எந்த இடத்தில், எதை எழுதவே கூடாது, எழுதியதை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுப்பதுதான் முக்கியமான பகுதி.

ஒரு காப்புறுதி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைச் செலவுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டு வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இணையத்தளத்தில் அதற்குப் பக்கம் இல்லாமலில்லை. ஒன்றுக்கு மூன்றாக இருக்கின்றன. ஒன்று பழையது, ஒன்று பிடிஎஃப் கோப்புக்குள் கிடக்கிறது, மூன்றாவது வேறொரு திட்டத்துக்கானது. இங்கே நான்காவதாக ஒரு பக்கம் எழுதினால் குழப்பம் கூடத்தான் செய்யும். எது சரியான தகவல் என்று பொறுப்பான துறையிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். மற்ற இரண்டையும் நீக்கச் சம்மதம் வாங்க வேண்டும். மிஞ்சிய ஒன்றைக் கைப்பேசியில் படிக்கிற மாதிரி திருத்தி எழுதி, விதிமுறை மாறும்போது அதைப் புதுப்பிக்கப்போவது யார் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும். இவ்வளவும் சேர்ந்ததுதான் வேலை.

அப்போ காப்பிரைட்டர், எடிட்டர், சோஷியல் மீடியா பார்க்கிறவங்க எல்லாம் யாரு?

காப்பிரைட்டர் குறிப்பிட்ட விளம்பரத்தையோ பக்கத்தையோ எழுதுகிறார். எடிட்டர் எழுதியதைச் செம்மைப்படுத்துகிறார். சோஷியல் மீடியாவில் இருப்பவர் அன்றாடப் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் கவனிக்கிறார். இவர்கள் எல்லாரும் ஒரே திட்டத்தில், ஒரே குரலில் பேசும்படி பார்த்துக்கொள்வது கண்டென்ட் ஸ்ட்ராடஜிஸ்ட். சிறிய நிறுவனங்களில் நான்கும் ஒரே ஆள் தலையில் விழும். அதனால் வேலை விளம்பரத்தில் பதவியின் பெயரை மட்டும் பார்க்காமல், கீழே எழுதியிருக்கும் பொறுப்புகளைப் படியுங்கள்.

நீங்க எப்படி இதுக்கு வந்தீங்க? இதுக்குன்னு படிச்சீங்களா?

இல்லை. நான் முதலில் வாடிக்கையாளர் சேவையில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரே கேள்வி நாள் முழுக்க வரும்போது, இணையத்தளத்தில் அந்தப் பதில் ஏன் கண்ணில் படவில்லை என்ற எண்ணம் தானாக வந்துவிடும். அழைப்புகளில் வருவதை வகைபிரித்து எழுதி இணையத்தளக் குழுவிடம் கொடுக்கத் தொடங்கினேன். பிறகு அந்தக் குழுவிலேயே இடம் கிடைத்தது.

இந்தத் துறையில் என்னோடு வேலை செய்தவர்களில் செய்தியாளர்கள், நூலகர்கள், ஆசிரியர்கள், ஒரு தாதி எல்லாரும் உண்டு. படிப்பவர் எங்கே தடுமாறுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம் அவர்கள் எல்லாருக்கும் இருந்தது. அந்த அனுபவத்தைப் பட்டத்தைவிடப் பெரிதாகவே மதிக்கிறேன்.

என் மக பலதுறைத் தொழிற்கல்லூரி முடிக்கப் போறா. அடுத்து என்ன படிச்சா இந்த வேலைக்குப் போகலாம்?

மருத்துவம், சட்டம் மாதிரி இதற்கு உரிமம் எதுவும் தேவையில்லை. தொடர்புத்துறை படித்தவர்கள் அதிகம் வருகிறார்கள்: நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொடர்பு, புதிய ஊடகத் துறை இரண்டும் பலருக்குத் தெரிந்தவை. உளவியல், மொழியியல், கணினி படித்தவர்களும் நன்றாகச் செய்கிறார்கள்.

உங்கள் மகளுக்கு ஒன்று சொல்வேன்: எந்தப் படிப்பானாலும் உள்ளகப் பயிற்சிக்கு, கடினமான விஷயத்தைச் சாதாரண மக்களுக்கு விளக்க வேண்டியிருக்கும் இடமாகத் தேடச் சொல்லுங்கள். மருத்துவமனை, நகர மன்றம், வங்கி எதுவானாலும் சரி. அழகான பொருளை விற்கும் இடத்தைவிட அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நான் ரொம்ப வருஷமா தமிழாசிரியை. நாற்பதைத் தாண்டிட்டேன். இனிமே மாற முடியுமா?

முடியும். ஒரு பாடத்தை எந்த வரிசையில் சொன்னால் மாணவருக்கு ஏறும் என்று தினமும் யோசித்தவர் நீங்கள். இந்த வேலையில் கற்றுக்கொடுக்கக் கடினமான திறன் அதுதான். தரவு படிப்பது, இணையத்தள மேலாண்மை மென்பொருள், பயனர் ஆய்வு ஆகியவற்றைப் பயிற்சி வகுப்பில் பிடித்துக்கொள்ளலாம்.

40 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் முதல், அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் சிறப்புத்தொகையாக 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்கப்பட்ட பயிற்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால் பதிவுசெய்வதற்கு முன் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு முடியும்போது கையில் சான்றிதழ் மட்டும் மிஞ்சுமா, வேறொருவரிடம் காட்டக்கூடிய வேலை ஒன்றும் இருக்குமா என்று நடத்துபவரிடம் கேளுங்கள். இரண்டாவது இல்லையென்றால் வேறு வகுப்பு பாருங்கள். தொடக்கத்தில் சம்பளம் இப்போதையதைவிடக் குறையக்கூடும். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? எப்பவும் மீட்டிங்தானா?

கூட்டங்கள் நிறையத்தான். ஆனால் எல்லாம் ஒரே வகை இல்லை. புதிய திட்டம் வந்தால் முதல் சில வாரங்கள் கேட்பதிலேயே போகும். அழைப்பு நிலையத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்பேன். தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியில் மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்ற பதிவை வாங்கிப் படிப்பேன். என் அனுபவத்தில் நிறுவனம் காசு கொடுத்து வாங்கும் ஆய்வறிக்கையைவிட அந்தப் பதிவு உண்மையைச் சொல்லும். மக்கள் திரும்பத் திரும்பத் தேடியும் கிடைக்காத விஷயம் அதில் அப்படியே தெரியும்.

அப்புறம் கணக்கெடுப்பு. தளத்தில் இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் விரிதாளில் ஏற்றி, தலைப்பு, கடைசியாகத் திருத்திய தேதி, பொறுப்பாளர், எத்தனை பேர் படிக்கிறார்கள், வைத்துக்கொள்வதா திருத்துவதா நீக்குவதா என்று குறிப்பது. பலருக்கு இது சலிப்பான வேலை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த கட்டம். பொறுப்பாளர் யார் என்ற இடம் காலியாகக் கிடக்கும் பக்கங்களில்தான் தவறான தகவல் ஒளிந்திருக்கும்.

எழுதுவதைக் காலையில், யாரும் கூப்பிடாத நேரத்தில் வைத்துக்கொள்கிறேன். வரைவை எழுதியதும் அந்தத் துறை தெரியாத ஒருவரிடம் கைப்பேசியில் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். அவர் எந்த இடத்தில் நிறுத்தி மறுபடி படிக்கிறாரோ அந்த வரியை மாற்றுவேன்.

என்னென்ன சாஃப்ட்வேர் தெரியணும்?

விரிதாளை நன்றாகப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், அது முதல். வேர்ட்பிரஸ் போன்ற ஒன்றில் பக்கம் போடத் தெரியவேண்டும். தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எதைப் படிக்கிறார்கள் என்று காட்டும் கூகல் அனலிட்டிக்ஸ் கற்பதானால் நான்காம் பதிப்பைக் கற்றுக்கொள்ளுங்கள். பழையது 2023 ஜூலையில் தரவு சேர்ப்பதை நிறுத்திவிட்டது, இன்னமும் சில வகுப்புகளில் அதன் படங்களைக் காட்டுகிறார்கள். வடிவமைப்பாளர்களோடு வேலை செய்ய ஃபிக்மா. மற்றவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எஸ்இஓ தெரிஞ்சா போதாதா?

எஸ்இஓ செய்து கூகல் தேடலில் மேலே வருவது வாசல் வரைக்கும் ஆளைக் கொண்டுவரும். வந்தவர் தேடியது கிடைக்காமல் திரும்பினால் என்ன பயன்? கூகலே தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் நேரடி அனுபவத்தையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்தது. விஷயம் தெரிந்தவரிடம் பேசி, உண்மையான பதிலை வாங்கி எழுதும் திறமை இல்லாமல் எஸ்இஓ மட்டும் நெடுநாள் தாங்காது.

சிங்கப்பூர்ல எல்லாமே இங்கிலீஷ். தமிழ் தெரிஞ்சு இந்த வேலையில என்ன லாபம்?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் அதிகாரத்துவ மொழிகள் நான்கில் ஒன்று. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுபவர்கள் 2.5 விழுக்காடுதான்; 2010இல் அது 3.3 விழுக்காடு. தமிழில் மட்டுமே செய்யும் வேலைகள் குறைவு. 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு, மீடியாகார்ப்பின் 'செய்தி' இணையத்தளம், வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி, அரசு அமைப்புகளின் தொடர்புப் பிரிவுகள், விளம்பர நிறுவனங்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனாலும் தமிழ் தெரிந்தவர் ஆங்கிலத் திட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் கேட்காத கேள்வியைக் கேட்பார். தமிழ் படிப்பவர்கள் என்று ஒரே கூட்டமாக நினைக்கிறார்கள். தோ பாயோவில் வசிக்கும் எழுபது வயது பாட்டிக்கு எந்த அமைப்பு எதைச் செய்கிறது என்று நன்றாகத் தெரியும். செயலியில் உள்நுழைவதுதான் சிரமம். தமிழ்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஊழியருக்குச் செயலி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சம்பளப் பிரச்சினைக்கு எங்கே போவது என்று தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் இருவருக்கும் பாதி பயன்தான். 2020இல் கொவிட் தங்கும் விடுதிகளில் பரவியபோது, தகவல் அவரவர் மொழியில், அவரவர் பார்க்கும் இடத்துக்குப் போக வேண்டியதன் அவசரத்தை இந்த ஊர் நேரில் பார்த்தது.

இந்த மாதிரி வேறுபாட்டைக் கூட்டத்தில் எடுத்துச்சொல்லும் ஆள் வேண்டும். நீங்கள் தமிழ் பேசி வளர்ந்தவரென்றால் அதைத் தயங்காமல் உங்கள் தகுதிகளில் ஒன்றாக எழுதுங்கள்.

இங்கிலீஷ்ல முடிச்சுட்டு கடைசியில மொழிபெயர்க்கக் கொடுத்தா ஆச்சு, இல்லையா?

அப்படிச் செய்வதால்தான் பிழையான தமிழைச் சுவரொட்டிகளில் பார்க்கிறோம். கடைசி நாளில் மொழிபெயர்ப்பாளரிடம் போனால் கேள்வி கேட்க அவருக்கு நேரமில்லை. தமிழ் வரி ஆங்கிலத்தைவிட நீளும். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானுக்குள் அது அடங்காது. வடிவமைப்பு மென்பொருளில் சரியான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் எழுத்தும் இடம் மாறிவிடும். தமிழ் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது கண்ணில் படாது. ஆகவே அச்சுக்கோ தளத்துக்கோ போகும் முன், கடைசி வடிவத்தைத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஒரு படியை நான் எந்த அட்டவணையிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

அரசாங்கம் 2014இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவை அமைத்தது. அரசாங்கச் சொற்களைப் பயன்படுத்தும்போது ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரசுரத்திலும் அமைச்சின் பெயர் வேறுவேறாக இருந்தால் முதியவர்கள் இரண்டு வெவ்வேறு அலுவலகம் என்றே நினைப்பார்கள்.

அனுபவமே இல்லை. போர்ட்ஃபோலியோவில எதைக் காட்டுறது?

உங்களுக்குத் தெரிந்த ஓர் அமைப்பை எடுங்கள். கோவில், சமூக மன்றக் குழு, துணைப்பாட நிலையம், எதுவானாலும். அனுமதி கேட்டு, முன்பு சொன்ன கணக்கெடுப்பை அவர்கள் தளத்துக்கோ ஃபேஸ்புக் பக்கத்துக்கோ செய்து பாருங்கள். தொலைபேசியில் அவர்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளைத் திரட்டுங்கள். பிறகு ஒரே ஒரு பக்கத்தை மாற்றி எழுதுங்கள்.

நேர்முகத் தேர்வில் நான் அழகான பக்கத்தைப் பார்ப்பதில்லை. முன்பு எப்படி இருந்தது, எதை நீக்கினீர்கள், ஏன், யார் மறுத்தார்கள், எப்படிப் பேசி முடித்தீர்கள் என்றுதான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் ஒரே ஒரு வேலை போதும்.

பழைய கம்பெனியில செஞ்சதைக் காட்டலாமா?

2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக வேலையின் பகுதியாக எழுதியவை, ஒப்பந்தம் வேறு மாதிரி சொன்னாலொழிய, முதலாளிக்குச் சொந்தம். பொதுவெளியில் இருக்கும் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்து, அதில் உங்கள் பங்கு என்ன என்று சொல்லலாம். உள்ளே மட்டும் சுற்றிய அறிக்கை, வாடிக்கையாளர் விவரம், வெளிவராத திட்டம் எதையும் காட்டாதீர்கள். அப்படிக் காட்டுபவரை வேலைக்கு எடுக்கவும் யோசிப்பார்கள்.

சம்பளம் எவ்வளவு வரும்?

ஒரே எண்ணைச் சொன்னால் உங்களைத் தவறான பக்கம் அனுப்பியதாகிவிடும். இரண்டாவது கேள்வியில் சொன்னது போல ஒரே பெயரில் நான்கு விதமான வேலைகள் இருக்கின்றன. மைகரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வேலை விளம்பரங்களோடு சம்பள வரம்பும் போடுகிறார்கள். உங்கள் அனுபவத்துக்கு ஒத்த பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் படித்தால் நிலவரம் பிடிபடும். மனிதவள அமைச்சு வெளியிடும் தொழில்வாரிச் சம்பள அட்டவணைகளையும் பார்க்கலாம்.

நான் சென்னையில இதே வேலையில இருக்கேன். சிங்கப்பூர் வர முடியுமா?

பெரும்பாலும் எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி தேவைப்படும். 2025 ஜனவரி முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறைக்கு 6,200. வயது கூடக்கூட இந்த வரம்பு உயரும். 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறையும் இருக்கிறது, பொதுவாக 40 புள்ளி வேண்டும். நிறுவனம் முதலில் உள்ளூரில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்திருக்கவும் வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் விண்ணப்பிக்கும் நேரத்தில் மனிதவள அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முகவர் யாராவது காசு கொடுத்தால் பாஸ் உறுதி என்று சொன்னால் நம்பாதீர்கள்.

ஃப்ரீலான்ஸா செய்யலாமா?

சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ என்றால் தாராளமாக. எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர் தன் நிறுவனத்தைத் தவிர வெளியே வேலை எடுக்கக் கூடாது.

ஒப்பந்தத்தில் எத்தனை பக்கம், எத்தனை முறை திருத்தம், யார் இறுதி ஒப்புதல் தருவார், பணம் எப்போது என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்புதல் தருபவரின் பெயர் இல்லாத வேலை முடியவே முடியாது. பணம் வராமல் போனால் சிறு கோரிக்கை நடுவர் மன்றங்கள் இருக்கின்றன: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மருத்துவச் செலவுக்கான சேமிப்பான மெடிசேவ் கணக்கில் கட்ட வேண்டும். முதல் வருடத்திலேயே அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏஐ வந்துடுச்சு. இனிமே இந்த வேலை இருக்குமா?

வரைவு எழுதுவது எளிதாகிவிட்டது. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன காப்புறுதி நிறுவனத்துக்குத் திரும்பிப் போங்கள். அங்கே வாடிக்கையாளர்கள் தவித்தது பக்கம் இல்லாததால் இல்லை. மூன்று பக்கங்களில் எது சரி என்று யாரும் முடிவெடுக்காததால். ஏஐ முப்பது பக்கம் கொடுக்கும். எது உண்மை என்று கையெழுத்துப் போட ஒருவர் இருக்கத்தான் வேண்டும்.

தமிழில் இன்னும் கவனம் வேண்டும். ஏஐ எழுதும் தமிழில் தமிழ்நாட்டு அலுவலக நடைமுறை இந்த ஊர் நடைமுறையோடு கலந்து வருவதை அடிக்கடி பார்க்கிறேன். வாடிக்கையாளரின் பெயர், அடையாள எண் போன்றவற்றை அதில் ஒட்டவே ஒட்டாதீர்கள். 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எல்லாத் துறையும் முகப்புப் பக்கத்துல இடம் கேட்கும். பெரிய அதிகாரியே கேட்டா என்ன செய்வீங்க?

இந்த வேலையின் கடினமான இடம் இதுதான். அதிகாரியோடு ரசனை பற்றி வாதாடினால் தோல்வி நிச்சயம், அவருடைய ரசனைக்கும் மதிப்பு உண்டு. நான் தேடல் பதிவையும் அழைப்புப் பதிவையும் மேசையில் வைப்பேன். மக்கள் தேடி வருவது இந்த ஐந்து விஷயங்கள். உங்கள் அறிவிப்பை மேலே வைத்தால் இதில் எதைக் கீழே இறக்கலாம் என்று அவரிடமே கேட்பேன். தேர்வு செய்ய வேண்டி வரும்போது பலரும் நியாயமாகவே முடிவெடுக்கிறார்கள்.

சில நேரம் அவர் கேட்டதே நடக்கும். அப்போது எத்தனை நாள் அங்கே இருக்கும் என்று தேதி வாங்கிக்கொள்வேன். தேதி முடிந்ததும் எண்களோடு திரும்பிப் போய்ப் பேசுவேன். தவறான தகவலைப் போடச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவேன், எழுத்திலேயே.

தேக்காவுல எனக்கு ஒரு மளிகைக் கடை. நானும் ஒருத்தரை வைக்கணுமா?

முழுநேரமாக வேண்டாம். முதலில் கூகலில் உங்கள் கடையின் திறக்கும் நேரம் சரியா, தீபாவளி, பொங்கல் நேர மாற்றம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் எண் வேலை செய்கிறதா என்று வேறொருவர் கைப்பேசியிலிருந்து சோதியுங்கள். கடையில் நிற்கும் பையனிடம் ஒரு வாரம் வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: பூ எத்தனை மணிக்கு வரும், வீட்டுக்குக் கொண்டுவந்து தருவீர்களா, பேநவ் உண்டா. அதிகம் கேட்கப்பட்டவற்றுக்குப் பதிலைக் கடை வாசலிலும் பக்கத்திலும் போட்டுவிடுங்கள். இரண்டாவது கடை திறக்கும்போது, இரண்டு கடைக்கும் தகவல் வேறுபடத் தொடங்கும்போது, ஒருவரைப் பகுதிநேரமாகக் கூப்பிட்டால் போதும். அவரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள், வேலையை அங்கிருந்தே தொடங்கலாம்.